பெயர் வைக்காத பிள்ளை: மேரி ஷெல்லியும் ஃபிராங்கன்ஸ்டைனும்

1815 மார்ச் மாதம். லண்டனில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறாள். குழந்தை இறந்துவிட்டது, சீக்கிரம் வர முடியுமா என்று கேட்கிறாள். படுக்கப் போனபோது குழந்தை நன்றாகத்தான் இருந்தது. நடு இரவில் பால் கொடுக்க எழுந்திருக்கிறாள். அவ்வளவு அமைதியாகத் தூங்குவதுபோல் தெரிந்ததால் எழுப்ப மனம் வரவில்லை. அப்போதே உயிர் போயிருந்தது. அது விடிந்த பிறகுதான் தெரிந்தது. கடிதத்தில் இருப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

பிப்ரவரி 22-ல் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை அது. இரண்டு வாரம்கூட முழுதாக இருக்கவில்லை. மார்ச் 19-ம் தேதி அந்தத் தாய் தன் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்தாள். குழந்தைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. அது வெறும் குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது. நெருப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டோம், பிழைத்துக்கொண்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் அப்போது மேரி காட்வின். பதினைந்து மாதம் கழித்து, உயிரில்லாத உடலுக்கு உயிர் கொடுக்கும் ஒரு மாணவனின் கதையை அவள் எழுதத் தொடங்கினாள். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அதுதான். எழுத்தாளரின் வாழ்க்கை நாவலுக்குள் எப்படி இறங்குகிறது என்று புதிதாகப் படிக்க வருபவர்கள் கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த நாட்குறிப்பு வரிகளைத்தான்.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ கோதிக் நாவல் என்ற வகையைச் சேர்ந்தது. அது என்ன என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1764-ல் இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ரான்டோ கோட்டை’யிலிருந்து இந்த வகை தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாழடைந்த கோட்டை, சுரங்கப் பாதை, பேய், புயல், பரம்பரைச் சாபம் எல்லாம் மேலே தெரியும் சாமான்கள். உள்ளே இருப்பது ஒன்றே ஒன்று: மூடி வைத்த ஏதோ ஒன்று திரும்பி வருகிறது. செத்தவர் திரும்பி வரலாம், மறைத்த குற்றம் வரலாம், வேண்டாம் என்று தள்ளிய பிள்ளை வரலாம். வால்போலுக்கே அந்தக் கதை ஒரு கனவில்தான் கிடைத்தது. பழைய கோட்டை ஒன்றின் பெரிய படிக்கட்டு. அதன் உச்சிக் கைப்பிடியில் இரும்புக் கவசம் அணிந்த ராட்சதக் கை. அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டார். அவர் தன் சொந்த வீட்டையே பழைய கோட்டைபோலக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கனவு எங்கிருந்து வந்தது என்று புரியும்.

பக்கத்து வீட்டு விவகாரத்தை வைத்து நல்ல சமூக நாவல் எழுதிவிடலாம். பயத்தை அப்படி அடுத்த வீட்டில் கடன் வாங்க முடியாது. அதனால்தான் கோதிக் நாவல்களில் எழுதியவரின் வாழ்க்கை மற்ற நாவல்களைவிட ஆழமாகப் பதிகிறது என்று நினைக்கிறேன்.

கதை

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் பார்த்தது வேறு, நாவல் வேறு. ஜெனீவாவைச் சேர்ந்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டில் படிக்கப் போகிறான். உயிரின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறான். பிணங்களிலிருந்து எடுத்த உறுப்புகளைச் சேர்த்து எட்டடி உயர உருவம் ஒன்றைச் செய்கிறான். நவம்பர் மாதத்து இரவொன்றில், மழை ஜன்னலில் தட்டிக்கொண்டிருக்க, மெழுகுவத்தி அணையப்போகும் வெளிச்சத்தில் அதன் மங்கிய மஞ்சள் கண் திறக்கிறது. விக்டர் அருவருத்து ஓடிவிடுகிறான். அவ்வளவு நாள் உழைத்தவன் ஒரு நிமிடம்கூட அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

விட்டுப்போன அந்த உயிர் காட்டில் அலைந்து, ஒரு குடும்பத்தின் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாக மனிதர்களைப் பார்த்துப் பேசவும் படிக்கவும் கற்றுக்கொள்கிறது. அன்பு கேட்டுப் போகிற இடமெல்லாம் அடித்து விரட்டப்படுகிறது. கடைசியில் தன்னைப் படைத்தவனைப் பழிவாங்கப் புறப்படுகிறது. விக்டரின் தம்பி, நண்பன், மனைவி என்று ஒவ்வொருவராகச் சாகிறார்கள். வட துருவப் பனியில் இருவரும் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு போவதில் கதை முடிகிறது. இதையெல்லாம் நமக்குச் சொல்பவன் வால்டன் என்ற கப்பல் பயணி, தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்களில்.

படைக்கப்பட்டவனுக்குப் பெயர் இல்லை. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர். ஆனாலும் ஊரெல்லாம் அந்த உருவத்தைத்தான் ஃபிராங்கன்ஸ்டைன் என்று அழைக்கிறது. இது தப்பு என்று திருத்துவார்கள். சரிதான். ஆனால் அப்பன் பெயர் பிள்ளைக்கு வந்து ஒட்டிக்கொள்வது உலக வழக்கம். விக்டர் கொடுக்காததை வாசகர்கள் கொடுத்துவிட்டார்கள்.

பெற்றவளை விழுங்கிப் பிறந்தவள்

மேரி பிறந்தது 1797 ஆகஸ்ட் 30. தாய் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் பெண்களின் உரிமைக்காக 1792-லேயே புத்தகம் எழுதியவர். அன்றைய இங்கிலாந்து முழுக்கப் பேசப்பட்டவர். பிரசவத்தில் நஞ்சுக்கொடி முழுதாக வெளியே வரவில்லை. மருத்துவர் கையை விட்டுத் துண்டு துண்டாக எடுத்தார். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. காய்ச்சல் கண்டு, செப்டம்பர் 10-ல் தாய் இறந்துபோனார். குழந்தைக்கு வயது பதினொரு நாள்.

பெற்றவளை விழுங்கிவிட்டுப் பிறந்தவள் என்று இப்படிப்பட்ட குழந்தையை நம் ஊரில் சொல்வார்கள். குரூரமான பேச்சு. அதை வெளியே யாரும் சொல்லாவிட்டாலும் அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். மேரிக்குத் தாயின் பெயரையே வைத்திருந்தார்கள். லண்டன் செயின்ட் பங்க்ராஸ் கல்லறைத் தோட்டத்தில் இருந்த கல்லில் ‘மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் காட்வின்’ என்று பொறித்திருந்தது. அப்பா அவளை அங்கே கூட்டிப்போவார், அந்தக் கல்லைத் தடவித்தான் அவள் எழுத்துக் கூட்டப் பழகினாள் என்று சொல்வார்கள். தன் முழுப் பெயரையும் ஒரு குழந்தை முதன்முதலில் கல்லறைக் கல்லில் படிப்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது நாவலுக்குள் வாருங்கள். ஓடிப்போன விக்டர் தன் அறையில் படுத்துத் தூங்கிவிடுகிறான். கனவில், தான் மணக்கப்போகும் எலிசபெத் தெருவில் நடந்து வருகிறாள். அவளை முத்தமிடுகிறான். உடனே அவள் உதட்டில் சாவின் நிறம் படிகிறது, முகம் மாறுகிறது, கையில் இருப்பது அவனுடைய செத்துப்போன அம்மாவின் உடல். போர்த்திய துணியின் மடிப்புகளில் புழுக்கள் நெளிகின்றன. திடுக்கிட்டு எழுகிறான். நிலா வெளிச்சத்தில், கட்டில் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் படைத்த உருவம் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறது. ஒரு கையை நீட்டுகிறது.

பிறந்த உயிரும் செத்த தாயும் ஒரே பக்கத்தில், ஒரே கட்டிலைச் சுற்றி. கதையின் தர்க்கத்துக்கு அந்த இடத்தில் அம்மாவின் பிணம் தேவையே இல்லை. அம்மா இறந்தது வேறு நோயில், அதற்கு முன்பே. ஆனால் மேரியின் மனதில் பிறப்பு என்ற அறையின் கதவைத் திறந்தால் உள்ளே தாயின் பிணம் கிடக்கும். வாழ்க்கை படைப்புக்குள் வருவது இப்படித்தான். கதைக்கு அவசியமே இல்லாத ஒன்று வந்து நின்று, அங்கிருந்து நகர மறுக்கும். புதிதாகப் படிப்பவர்கள் இப்படிப்பட்ட இடங்களைத் தேடுங்கள் என்று சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கட்டிலில் மேரி யார்? தாயைப் பார்க்காமல் வளர்ந்தவள் என்ற வகையில் திரையை விலக்கிப் பார்க்கும் பிள்ளை அவள்தான். நடு இரவில் எழுந்தும் குழந்தையை எழுப்பாமல் மறுபடி தூங்கிப்போன பதினேழு வயதுத் தாய் என்ற வகையில், படுத்துக் கிடக்கும் விக்டரும் அவள்தான். இது என்னுடைய வாசிப்பு. மேரி அப்படி எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு விக்டரை வெறும் கொடியவனாக என்னால் பார்க்க முடியவில்லை.

அப்பா

வில்லியம் காட்வின் பெரிய சிந்தனையாளர். அரசாங்கம், சொத்து, திருமணம் எல்லாவற்றையும் கேள்வி கேட்டு 1793-ல் எழுதியவர். மனிதன் பிறவியிலேயே கெட்டவன் இல்லை, நடத்தப்படும் விதம்தான் அவனைக் கெடுக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. மேரிக்கு அப்பா என்றால் உயிர். நான்கு வயதில் மாற்றாந்தாய் வந்தாள். அந்த வீட்டில் மொத்தம் ஐந்து பிள்ளைகள். எந்த இருவருக்கும் அப்பாவும் அம்மாவும் இரண்டுமே பொதுவாக இல்லை. கோல்ரிட்ஜ் போன்ற கவிஞர்கள் வந்து கவிதை சொல்லும் வீடு. அதே சமயம் கடன்காரர்கள் விடாத வீடு.

1814 ஜூலையில், பதினாறு வயதில், ஏற்கெனவே கல்யாணமாகியிருந்த கவிஞர் பெர்சி ஷெல்லியோடு மேரி பிரான்ஸுக்குப் போய்விட்டாள். திருமணமே தேவையில்லை என்று எழுதியவர் காட்வின். தன் மகள் அதை வாழ்ந்து காட்டியபோது அவரால் தாங்க முடியவில்லை. அவளைப் பார்க்க மறுத்துவிட்டார். முதல் குழந்தை பிறந்தது, இறந்தது, இரண்டாவது பிறந்தது. அவர் வரவில்லை. பெர்சியிடம் பணம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். 1816 டிசம்பர் 30-ல் மேரிக்கும் பெர்சிக்கும் முறைப்படி திருமணம் நடந்த பிறகுதான் சமாதானமானார். நாவலின் கணிசமான பகுதி அப்பா முகம் கொடுக்காத காலத்தில் எழுதப்பட்டது. புத்தகத்தைக் காணிக்கையாக்கியது அதே அப்பாவுக்கு.

1816 ஜூலையில் மேரியும் பெர்சியும் ஆல்ப்ஸ் மலையின் ஷமோனி பள்ளத்தாக்குக்குப் போனார்கள். அங்கே ‘பனிக்கடல்’ என்று அழைக்கப்படும் பனியாற்றைப் பார்த்தார்கள். நாவலில் படைத்தவனும் படைக்கப்பட்டவனும் முதன்முதலாக உட்கார்ந்து பேசுவது அங்கேதான். நான் உனக்கு ஆதாமாக இருந்திருக்க வேண்டியவன், ஆனால் விழுந்துபோன தேவதூதனாக ஆகிவிட்டேன் என்கிறான் அவன். நல்லவனாகத்தான் இருந்தேன், துன்பம் என்னைப் பிசாசாக்கியது என்கிறான். பேசுவது காட்வினின் தத்துவம். அதை அவருடைய மகள், காட்வின்போல ஓடி ஒளிந்த ஒரு தகப்பனைப் பார்த்துச் சொல்ல வைக்கிறாள்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம்முடைய நம்பிக்கை. வைத்தவனே ஊற்றாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்த நாவலின் கேள்வி. புத்தகத்தின் முகப்பில் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் காவியத்திலிருந்து ஆதாம் கடவுளிடம் கேட்கும் வரிகள் இருக்கின்றன: மண்ணிலிருந்து என்னை மனிதனாக வனையச் சொல்லி நான் கேட்டேனா? எந்த வீட்டிலும் கோபம் வந்த பிள்ளை கேட்கிற கேள்விதான். என்னைப் பெத்துக்கச் சொல்லி நானா கேட்டேன்?

அந்தக் கோடை

இந்தப் பகுதி பலருக்கும் தெரிந்தது, அதனால் வேகமாகச் சொல்கிறேன். 1815 ஏப்ரலில் இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் கந்தகப் புகையும் வானத்தில் பரவியதில், அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. அந்த 1816-ல் மேரி, பெர்சி, அவர்களின் ஐந்து மாத ஆண் குழந்தை வில்லியம், மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேர் எல்லாரும் ஜெனீவா ஏரிக்கரையில் இருந்தார்கள். பக்கத்தில் டையோடாட்டி மாளிகையில் கவிஞர் பைரனும் அவருடைய மருத்துவர் பொலிடோரியும். ஓயாத மழை. பிரெஞ்சில் மொழிபெயர்த்த ஜெர்மன் பேய்க்கதைகளைப் படித்தார்கள். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். மற்றவர்கள் ஏதோ தொடங்கிவிட்டார்கள். கதை கிடைத்ததா என்று தினமும் காலையில் மேரியைக் கேட்பார்கள், இல்லை என்று சொல்லக் கூசும்.

ஒரு நாள் இரவு பைரனும் பெர்சியும் உயிர் எங்கிருந்து வருகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மின்சாரத்தால் செத்த உடலை அசைக்க முடியும் என்பது அப்போது பெரிய பேச்சு. 1803-ல் லண்டனில் ஆல்டினி என்ற இத்தாலியர் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. இப்படிப்பட்ட பேச்சுகளை மேரி கிட்டத்தட்ட வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று படுத்தபோது தூக்கம் வரவில்லை. கண்ணை மூடியபடியே, தான் ஒட்டிச் சேர்த்த உருவத்தின் பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் வெளிறிய மாணவனைப் பார்த்தாள்.

எரிமலை, மின்சாரம், பைரன், மழை எல்லாம் உண்மை. ஆனால் அதே மழை, அதே பேச்சு மற்ற நால்வருக்கும் கிடைத்தது. பொலிடோரி அங்கிருந்து ஒரு ரத்தக் காட்டேரிக் கதையை எடுத்துப்போனார், அது 1819-ல் வெளிவந்து தனிப் பரம்பரையாகவே ஆனது. உயிர் எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஆண்களுக்கு ஒரு தத்துவக் கேள்வி. அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த மேரிக்கு அது சொந்த உடம்பில் நடந்த விஷயம்: இரண்டு முறை பெற்றவள், ஒன்றைப் புதைத்தவள். கேள்வி பெர்சியுடையதும் பைரனுடையதும். உயிர் வந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார் என்ற அடுத்த கேள்வி மேரியுடையது.

ஜெனீவாவில் அவள் இடுப்பில் இருந்த குழந்தையின் பெயர் வில்லியம் என்றேன். நாவலில் படைக்கப்பட்டவன் முதலில் கொல்லும் சிறுவனின் பெயரும் வில்லியம். மடியில் கிடக்கும் பிள்ளையின் பெயரைக் கதையில் சாகப்போகும் பிள்ளைக்கு வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆனால் வில்லியம் அவளுடைய அப்பாவின் பெயரும்கூட. மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியின் பெயரும் அதுதான். ஆக, அந்தச் சாவில் இருப்பது மகனை இழந்துவிடுவோமோ என்ற பயமா, அப்பாவின் மேல் கோபமா, தம்பியின் மேல் பொறாமையா? எது என்று பிரிக்க முடியாது. வாழ்க்கையையும் நாவலையும் பக்கத்தில் வைத்து, இவர்தான் அவர் என்று கோடு போட்டுச் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அப்படிக் கோடு போட ஆசைப்படுபவர்களுக்கு விக்டர்-பெர்சி ஜோடி ரொம்பப் பிடிக்கும். பெர்சி தன் முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டபோது வைத்துக்கொண்ட புனைபெயர் ‘விக்டர்’. அவருடைய தங்கை பெயர் எலிசபெத். மாணவனாக இருந்தபோது அறை முழுக்க ரசாயனமும் மின்கருவிகளும் வைத்திருந்தார். எல்லாம் பொருந்துகிறது. ஆனால் விக்டரின் அப்பா பாசமானவர், பையனின் குழந்தைப் பருவம் மகிழ்ச்சியானது. இது காட்வின் வீட்டுக்கும் பொருந்தாது, அப்பாவோடு முறைத்துக்கொண்டே இருந்த பெர்சிக்கும் பொருந்தாது. மேரி தனக்குக் கிடைக்காத வீட்டை விக்டருக்குக் கொடுத்திருக்கிறாள். வாழ்க்கை தலைகீழாகவும் நாவலுக்குள் வரும்.

எழுதிக்கொண்டிருந்தபோது

1816 அக்டோபரில், நாவல் பாதி எழுதிய நிலையில், மேரியின் அக்கா ஃபேனி ஸ்வான்சீ நகரத்து விடுதியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தாய் வோல்ஸ்டன்கிராஃப்டுக்கு முன்பே வேறொருவர் மூலம் பிறந்தவள் அவள். காட்வின் வீட்டில் ரத்த உறவு என்று சொல்ல மேரியைத் தவிர யாரும் இல்லாதவள். அவள் எழுதி வைத்த சீட்டில், பிறப்பே துரதிர்ஷ்டமாகிப்போன ஒரு ஜீவன் என்று தன்னைக் குறிப்பிட்டிருந்தாள். கையெழுத்து இருந்த இடம் கிழிக்கப்பட்டிருந்தது. காட்வின் அந்த உடலை அடையாளம் காட்ட முன்வரவில்லை, பெயரில்லாதவளாகவே ஃபேனி அடக்கம் செய்யப்பட்டாள்.

அதே ஆண்டு டிசம்பரில் பெர்சியின் முதல் மனைவி ஹேரியட் லண்டன் ஏரியில் பிணமாகக் கிடைத்தாள். அவள் கர்ப்பமாக இருந்தாள். இருபது நாளில் மேரிக்குத் திருமணம். தான் வாழ வந்த இடத்தில் இன்னொருத்தி செத்திருக்கிறாள் என்ற பாரத்தோடுதான் மேரி எழுத்து மேசைக்குத் திரும்பினாள். மறுபடி கர்ப்பம், கிளாரா என்ற பெண் 1817 செப்டம்பரில் பிறந்தாள்.

இங்கே ஒரு நுணுக்கம். வால்டன் தன் அக்காவுக்கு எழுதும் கடிதங்களில் ஆண்டு இருக்காது, 17 போட்டு ஒரு கோடு மட்டும். ஆனால் ஓரிடத்தில் ஜூலை 31 திங்கள்கிழமை என்று வருகிறது. 1797-ல் ஜூலை 31 திங்கள்கிழமைதான். முதல் கடிதம் டிசம்பர் 11, கடைசிக் குறிப்பு செப்டம்பர் 12. ஒன்பது மாதம். கணக்குப் பார்த்தால் மேரி தாயின் வயிற்றில் இருந்து, பிறந்து, தாய் இறந்து இரண்டு நாள் வரை. கடிதங்களைப் பெறும் அக்காவின் பெயர் மார்கரெட் வால்டன் சாவில். ஆங்கிலத்தில் எம், டபிள்யூ, எஸ். மணமான பிறகு மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் ஷெல்லியின் முதலெழுத்துகளும் அவையே. ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன கணக்கு இது. மேரி திட்டமிட்டுச் செய்தாளா, கை தானாகவே எழுதியதா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. கதை முழுவதும் அவளுடைய பெயரின் எழுத்துகளைச் சுமக்கும் ஒருத்தியின் கைக்குத்தான் போய்ச் சேர்கிறது.

நாவல் 1818 ஜனவரி 1-ல் வெளிவந்தது. ஐந்நூறு பிரதிகள். எழுதியவர் பெயர் இல்லை. முன்னுரையைப் பெர்சி எழுதியிருந்தார், காணிக்கை காட்வினுக்கு. அதனால் பெர்சிதான் எழுதியிருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் தன் மதிப்புரையிலேயே அப்படி எடுத்துக்கொண்டார். பெர்சி கைப்பிரதியில் நிறையத் திருத்தினார் என்பது உண்மை. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் அந்த நோட்டுப் புத்தகங்கள் இன்றும் இருக்கின்றன, இருவர் கையெழுத்தும் தனித்தனியாகத் தெரியும். கதை ஓடுவது மேரியின் கையெழுத்தில்.

ஆரம்ப வாசகர்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். முடிந்தால் 1818 பதிப்பையும் 1831 பதிப்பையும் அடுத்தடுத்துப் படியுங்கள். இடையில் மேரிக்கு நடந்தவை: 1818 செப்டம்பரில் கிளாரா வெனிஸில் இறந்தாள். 1819 ஜூனில் வில்லியம் ரோமில், மூன்று வயதில். 1822 ஜூலையில் பெர்சி இத்தாலியக் கடலில் மூழ்கினார். நான்கு பிள்ளைகளில் மிஞ்சியது ஒரு மகன். அதற்குப் பிறகு 1831-ல் அவள் நாவலைத் திருத்துகிறாள். முதல் பதிப்பில் விக்டர் தன் முடிவுகளைத் தானே எடுக்கிறான், வேறு மாதிரி எடுத்திருக்கவும் முடியும். திருத்திய பதிப்பில் விதி வந்துவிடுகிறது. அவனை ஏதோ ஒன்று இழுத்துப்போகிறது. அதே ஆள், அதே குற்றம். இழப்பு மேல் இழப்பாகப் பார்த்த ஒருத்தி, எல்லாம் நம் கையில்தான் இருந்தது என்ற எண்ணத்தை இனி சுமக்க முடியாமல் இறக்கி வைத்ததுபோல எனக்குப் படுகிறது. வாழ்க்கை ஒரு நாவலை எழுதி முடித்த பிறகும் மாற்றும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் புத்தகம் அபூர்வம். அந்தப் பதிப்பின் முன்னுரையில், அழகற்ற தன் பிள்ளை மறுபடி உலகத்துக்குப் போய் நன்றாக இருக்கட்டும் என்று மேரி வாழ்த்தி அனுப்புகிறாள். விக்டர் ஒருபோதும் செய்யாதது.

1823-க்குத் திரும்பிப் போகிறேன். கணவர் இறந்த மறு ஆண்டு, கையில் பணமில்லாமல், சின்ன மகனோடு மேரி லண்டன் வந்து சேர்ந்தாள். அந்தக் கோடையில் அவளுடைய நாவலை நாடகமாக்கி மேடையேற்றியிருந்தார்கள். அதே ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில்தான் முதன்முறையாக அவள் பெயர் அச்சானது. ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை. மறுநாள் அவளுக்கு இருபத்தாறு வயது. அப்பா காட்வினும் தம்பி வில்லியமும் கூட வர, நாடகம் பார்க்கப் போனாள். கையில் கொடுத்த நாடகத் தாளில் பாத்திரங்களின் பட்டியல் இருந்தது. விக்டர் பெயர் இருந்தது, மற்றவர்கள் பெயர் இருந்தது. படைக்கப்பட்டவனின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு வெறும் கோடு, அதற்கு நேரே நடிகரின் பெயர். பெயர் சொல்ல முடியாத ஒன்றுக்கு இப்படிப் பெயரில்லாமலே பெயர் வைத்தது நன்றாகத்தான் இருக்கிறது என்று சில நாள் கழித்து நண்பருக்கு எழுதினாள். அன்று கூட அப்பாவும் இருந்தார்.